மெழுகுக்குக் கழித்த ஒரு கிராம்

என் அக்காவின் வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகை கிடையாது. ஒருமுறை புது சிம் கார்டு வாங்கப் போனபோது கடைக்காரர் அவள் விரலைத் துணியால் துடைத்தார், ஊதினார், அழுத்திப் பிடித்து ஏழெட்டுத் தடவை கருவியின் மேல் வைத்தார். ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. கடைசியில் இடது கைச் சுண்டுவிரல்தான் அவளை அவள் என்று ஒப்புக்கொண்டது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும், அக்காவின் கணவரான மாமா கைகொட்டிச் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு. நீ திருடப் போனா எந்தப் போலீஸாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"முதல்ல உங்க பீரோவைத்தான் திறப்பேன்."

"திற. என் பழைய பனியன் ரெண்டு இருக்கும். எடுத்துக்கோ."

ரேகையைத் தின்றது செம்புக் கம்பி. அக்கா பழைய எலெக்ட்ரிக் கிட்டார்களின் பிக்அப்புகளைச் சரிசெய்கிறாள். கிட்டாரின் தந்திகளுக்கு அடியில், ஒரு விரல் நீளத்துக்குச் சிறு கட்டை மாதிரி ஒன்று இருக்கும். அதற்குள் ஆறு காந்தக் குச்சிகள் நிற்கும். அவற்றைச் சுற்றி ஏறக்குறைய எட்டாயிரம் சுற்று கம்பி, தலைமுடியைவிட மெல்லியது. மேலே தந்தி அதிர்ந்தால் இந்தச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அது ஒலிபெருக்கிக்குப் போய்ச் சத்தமாகிறது. ஐம்பது அறுபது வருடத்தில் அந்தக் கம்பி எங்காவது ஓர் இடத்தில் அறுந்தால் போதும், பிக்அப் ஊமையாகிவிடும். அப்போது பழைய கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்ற வேண்டும். சுற்றும்போது கம்பி அக்காவின் இரண்டு விரல்களுக்கு நடுவே ஓடும். இறுக்கினால் அறுந்துவிடும், தளர்த்தினால் சுருள் தொளதொளத்துப் போகும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது விரலுக்குத்தான் தெரியும்.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. பத்தாவது முடித்த கோடையில் அப்பாவுக்கு வேலை போனது. அக்கா ரிலே என்ற சின்ன மின் ஸ்விட்சுகள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பதினோரு வருடம், நாளுக்கு எட்டு மணி நேரம், பொத்தான் அளவு சுருள்களைச் சுற்றினாள். பிறகு முதலாளி தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். இரண்டு தெரு தள்ளி கிட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் ஒரு நாள் வந்து, "நீங்க மெல்லிசுக் கம்பி சுத்துவீங்களாமே?" என்று கேட்டார். அப்படி ஆரம்பித்தது. பின்பக்க பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடி, தையல் மெஷின் மோட்டாரை வைத்து அவளே ஒரு சுற்றும் இயந்திரம் செய்துகொண்டாள். காலால் அழுத்தினால் ஓடும். பக்கத்தில் சுற்று எண்ணும் சின்ன மீட்டர்.

கிட்டார் இசை அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. "ஈயை டப்பாவுல போட்டு மூடின மாதிரி இருக்கு. இதுக்கு மனுஷங்க காசு குடுத்து டிக்கெட் வேற வாங்கறாங்க" என்பாள். ஆனால் வீடு முழுக்க அந்தச் சுருள்களுக்காகத்தான் இயங்கியது. விரல் தோல் சொரசொரத்தால் கம்பி மாட்டிக்கொள்ளும் என்பதால் அவள் பாத்திரம் தேய்ப்பதில்லை, துணி துவைப்பதில்லை. பள்ளி வேன் ஓட்டும் மாமா காலை சவாரி முடிந்து வந்து பாத்திரம் தேய்ப்பார். அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல எல்லாம் தலைகீழா இருக்கே" என்றாளாம். "ஆமாங்க, பாத்திரத்தையும் கவிழ்த்துத்தான் வைப்போம்" என்று பதில் சொல்லிவிட்டு மாமா தேய்த்துக்கொண்டே இருந்தாராம்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எலெக்ட்ரானிக்ஸ். அக்கா சுற்றிய சுருள்களால்தான் படித்தேன் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை, சொல்லாமலே எனக்குத் தெரியும். படிப்பு முடிந்து எட்டு மாதம் வேலை இல்லாமல் அக்கா வீட்டில் இருந்தேன். அவள் என்னை "டிகிரி" என்றுதான் கூப்பிடுவாள். "டிகிரி, அந்தக் கத்தரிக்கோலை எடு." "டிகிரி, ஜன்னலைச் சாத்து." அதில் கிண்டல் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்ற உறுத்தலில், கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் அவளுடைய முள் மீட்டருக்குப் பதிலாக ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கிக் கொடுத்தேன். வரும் பிக்அப்புகளைச் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி வைப்பதை என் வேலையாக்கிக்கொண்டேன். மாமாகூட, "எள்ளுன்னா எண்ணெயா நிக்கிறாளே" என்றார்.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா எந்தப் பிக்அப்பிலும் எடுத்த எடுப்பில் கத்தி வைக்கமாட்டாள். மீட்டர் 'அறுந்திருக்கிறது' என்று காட்டினாலும் நம்பமாட்டாள். முதலில், கம்பியின் இரண்டு முனைகளும் வந்து சேரும் பித்தளைக் கண்களில் சூட்டுக்கோலை வைத்து ஈயத்தை உருக்கி மறுபடி ஒட்டிப் பார்ப்பாள். இரண்டாவது, ஹேர் டிரையரால் அரை மணி நேரம் மெல்லச் சூடாக்கி மீட்டர் அசைகிறதா என்று பார்ப்பாள். மூன்றாவது, வெளி முனையை ஒரு சுற்று பிரித்துப் பார்ப்பாள். ஈயம், சூடு, முனை. சீட்டில் இந்த மூன்று வார்த்தைகளும் இருக்கும். மூன்றுக்கும் நேரே டிக் விழுந்தால்தான் கத்தி. பழைய கம்பியோடு பிக்அப்பை எழுப்பித் தருவாள், தேவையில்லாமல் வெட்டமாட்டாள் என்ற பெயரால்தான் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் அவளுக்குப் பார்சல் வந்தது. சுற்றத் தெரிந்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவள் சோறு தின்றது அந்தப் பெயரில்.

ஒரு திங்கட்கிழமை கிட்டார்காரர் ஒருவர் நேரிலேயே வந்தார். பெரிய ஹோட்டல் ஒன்றில் ஒரு பாடகியோடு சேர்ந்து வாராவாரம் வாசிப்பவர். ஐம்பது வயதிருக்கும். கழற்றிய பிக்அப்பைக் கைக்குட்டையில் சுற்றி, சட்டைப் பையில் வைத்துக் கொண்டு வந்திருந்தார்.

"நேத்து பாட்டு நடுவுல அப்படியே செத்துப் போச்சும்மா. என் கிட்டார்ல மூணு பிக்அப், மத்த ரெண்டை வெச்சு சமாளிக்கிறேன். ஆனா என் சத்தமே இதுலதான் இருக்கு."

அக்கா வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது பொறந்ததுலேருந்து யாரும் உள்ள கை வெச்சதில்ல. முடிஞ்ச வரைக்கும் பழைய கம்பியோடயே எழுப்பிக் குடுங்க. சனிக்கிழமை எங்க நிகழ்ச்சியை ரெக்கார்டு பண்றாங்க."

"சுத்தித்தான் ஆகணும்னா?"

"சுத்துங்க. நீங்க சுத்தித்தான் ஆகணும்னு சொன்னா அதுக்கு மேல நான் கேள்வி கேக்கமாட்டேன். உங்க வார்த்தை போதும்."

வியாழக்கிழமை மாலை வருவதாகச் சொல்லிப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா கடைவாய்ப் பல் பிடுங்கப் போனாள். போகும்போது, "அந்தக் கிட்டார்காரரோடதைப் பாத்து வை" என்றாள். எனக்குப் பதினொன்றரைக்கு ஃபோனில் ஒரு நேர்முகத் தேர்வு இருந்தது. பத்தரைக்கு மீட்டரை வைத்தேன். அறுந்திருக்கிறது என்று காட்டியது. முனைகளை மாற்றி வைத்தேன். அதே பதில். இன்னொரு தடவை வைத்தேன். அதே பதில். சூட்டுக்கோல் காய நேரம் வேண்டும். ஹேர் டிரையர் சோதனைக்கு அரை மணி. நான் பேச வேண்டிய பதில்களை இன்னும் ஒரு முறைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. மீட்டர் மூன்று தடவை ஒரே மாதிரி சொன்னால் அது போதும், அக்காவின் முறையெல்லாம் முள் மீட்டர் காலத்துச் சந்தேகம் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அது படிப்பின் குரலா, சோம்பலின் குரலா? இன்றுவரை யோசிக்கிறேன். ஈயம், டிக். சூடு, டிக். முனை, டிக். 'சுற்ற வேண்டும்' என்று கீழே எழுதி, காந்தத்தின் திசையையும் கம்பி சுற்றியிருந்த திசையையும் குறித்து, மேசையில் வைத்துவிட்டு ஃபோனோடு மாடிப்படிக்குப் போனேன். 'பிறகு தெரிவிக்கிறோம்' என்றார்கள்.

மதியம் மாமா அக்காவை அழைத்து வந்தார். அவள் கன்னம் வீங்கி, வாயில் பஞ்சு அடைத்திருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் இவ பேசக்கூடாதாம்" என்றார் மாமா. "கல்யாணமாகி பன்னெண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் இந்த வீட்ல நான் பேசப் போறேன். எல்லாரும் கவனமாக் கேளுங்க."

அக்கா அவரை முறைத்துவிட்டு பால்கனி அறைக்குப் போனாள். படுக்கச் சொன்னோம், கேட்கவில்லை. இன்று வெட்டி வைத்துவிட்டால் நாளை சுற்றிவிடலாம் என்று நினைத்திருப்பாள். வாயில் பஞ்சு இல்லாவிட்டால் என்னிடம் கேட்டிருப்பாள். 'எவ்வளவு நேரம் சூடு காட்டினே? அசைஞ்சுதா?' என்று குடைந்திருப்பாள். அன்று சீட்டைப் படித்தாள், தலையை ஆட்டினாள், கத்தியை எடுத்தாள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இப்போதாவது சொல் என்று மனம் அடித்துக்கொண்டது. அறுந்ததுதானே, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நாக்கு சும்மா இருந்தது. கத்தி சுருளுக்குள் இறங்கியது. எட்டாயிரம் சுற்று, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு பக்கமும் வெட்டியதும் செம்புக் கம்பி ஒரு கற்றையாகக் கழன்று மேசையில் விழுந்தது.

காந்தக் குச்சிகளைத் துடைத்தாள். கம்பியை அரிக்கும் துரு இல்லை. கற்றையைப் பிரித்து உள்பக்கம் பார்த்தாள். களிம்பேறிய பச்சைப் புள்ளி ஒன்றுகூட இல்லை, புதுக் கம்பி மாதிரி மின்னியது. அவள் கை நின்றது. பிறகு, பித்தளைக் கண்ணில் ஒட்டியிருந்த பழைய முனையை இடுக்கியால் பிடித்தாள். இழுக்கவில்லை, சும்மா திருப்பினாள். அது துளைக்குள் சுழன்றது. ஈயம் கம்பியைப் பிடிக்கவே இல்லை. அத்தனை வருடமும் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை விட்டுவிட்டது. சுருள் உயிரோடுதான் இருந்திருக்கிறது. சூட்டுக்கோலை மூன்று நொடி வைத்திருந்தால் எழுந்திருக்கும்.

அக்கா வாயிலிருந்த பஞ்சை எடுத்தாள். நுனி சிவந்திருந்தது.

"மூணும் பண்ணியா?"

"பண்ணேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு புதுப் பஞ்சை வைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. டிக் போட்டது அவசரம் என்று சமாதானம் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது? அன்று சாயங்காலம் முழுக்க வீட்டில் எதற்கெடுத்தாலும் எழுந்து ஓடி உதவி செய்தேன். மாமாவே, "என்ன, வேலை கிடைச்சிடுச்சா? இவ்வளவு சுறுசுறுப்பு?" என்று கேட்டார்.

புதன்கிழமை பேச்சு வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி: "எத்தனை சுத்து இருந்திருக்கும்?"

அதுதான் இப்போது பிரச்சினை. சத்தம் பழையபடி வர வேண்டுமென்றால் சுற்று எண்ணிக்கை கிட்டத்தட்ட பழையதாக இருக்க வேண்டும். ஏழாயிரத்து ஐந்நூறும் இருக்கலாம், எட்டாயிரத்து முந்நூறும் இருக்கலாம். அந்தக் காலத்தில் யாரோ ஒருவர் கண்ணளவில் நிறுத்தியது. வெட்டிய கம்பியை எண்ண முடியாது. எடை போடலாம். கற்றையை ஹேர் டிரையரால் சூடாக்கி, கம்பி அசையாமல் இருக்க அந்தக் காலத்திலேயே சுருளில் ஊறவைத்திருந்த மெழுகைக் காகிதத்தால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். பிறகு, முன்பு அக்கா சுற்றிக் கெட்டுப்போன எட்டாயிரம் சுற்று சுருள் ஒன்றின் கம்பியையும் பொட்டலம் கட்டிக்கொண்டு, தெருமுனை நகைப் பட்டறைக்குப் போனோம்.

பட்டறைக்காரர் கற்றையைத் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா, யாரோட தலைமுடி?"

"செம்பு."

"செம்பா! இந்தத் தராசு பொறந்ததுலேருந்து செம்பைப் பாத்ததில்ல. கோவிச்சுக்கப் போகுது."

அக்காவின் எட்டாயிரம் சுற்று முப்பத்து மூன்று புள்ளி இரண்டு கிராம் இருந்தது. கிட்டார்காரருடையது முப்பத்து மூன்று புள்ளி நான்கு.

"இதுல இன்னும் மெழுகு இருக்கு. எவ்வளவு கழிக்கலாம்?" என்று அக்கா கேட்டாள்.

அவர் கம்பியை விரலில் தேய்த்துப் பார்த்தார். "நகைக்குள்ள அரக்குன்னா இவ்வளவுன்னு சொல்லிடுவேன். இது எனக்குத் தெரியாத சமாச்சாரம். அரை கிராம் இருக்கும். ஒண்ணு இருக்கும். ஒண்ணுமே இல்லாமலும் இருக்கும்."

"நல்ல ஆளைக் கேட்டேன்."

"செம்போட வந்தவங்களுக்கு இதுக்கு மேல சொல்லமாட்டேன்."

அக்கா சிரிக்கவில்லை. கடை வாசலில் வெயிலில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஒரு கிராம் கழிச்சுக்கலாம்" என்றாள். ஒரு கிராம் என்றால் ஏறக்குறைய இருநூற்று நாற்பது சுற்று. நான் ஃபோனில் கணக்குப் போட்டேன். ஏழாயிரத்து எண்ணூறு. நான்கு வருடப் படிப்பு, ஒரு வகுத்தல் கணக்கு.

வியாழக்கிழமை காலை சுற்ற உட்கார்ந்தாள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தியாயிற்று. சுற்றும்போது பக்கத்தில் யாரும் இருக்கக்கூடாது. கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கொசு ரீங்காரம் மாதிரி ஏறும், இறங்கும். சட்டென்று நின்றது.

"போச்சு" என்றாள் அக்கா உள்ளே.

இரண்டாயிரத்து நூறில் அறுந்திருந்தது. அறுந்த இடத்தில் ஒட்டிச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவள் செய்யமாட்டாள். எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை ஆறாயிரத்து முந்நூறு வரை போனது. மறுபடி நின்றது. கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. அவள் கை இப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை. பல்வலியா? என் பொய்யா? கதவைத் திறந்து சொல்லிவிடலாமா என்று எழுந்தேன். சொன்னால் கை இன்னும் நடுங்குமே என்று உட்கார்ந்தேன். எனக்குச் சாதகமான காரணங்கள் எனக்கு எவ்வளவு சீக்கிரம் கிடைக்கின்றன!

மாமா காலை சவாரி முடித்து வந்து கதவைத் தட்டினார். "உள்ள வரலாமா? இல்ல, வந்தா நானும் அறுந்து போவேனா?"

"தண்ணி மட்டும் குடுங்க" என்று அக்கா வெளியே வந்தாள். முகம் வேர்த்திருந்தது.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றார் மாமா. "சுத்தி முடிச்சு சத்தம் வந்துட்டா விஷயம் முடிஞ்சுது. சுத்தித்தான் ஆகணும்னு இருந்துச்சுன்னு சொல்லிடு. அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அப்புறம் என்ன?"

"அவர் என் வார்த்தை போதும்னு சொல்லிட்டுப் போனாரு. அவர்கிட்டயே பொய் வார்த்தையைச் சொன்னா, அடுத்த ஆள்கிட்ட நான் எந்த வார்த்தையைச் சொல்லுவேன்?"

"நிஜத்தைச் சொன்னா அடுத்த ஆளே வராம போயிடுவானே."

அக்கா தண்ணீரைக் குடித்தாள், வீங்காத பக்கமாக. அந்த ரிப்பேர்க் கடைக்காரரில் ஆரம்பித்து எல்லோர் காதுக்கும் இது போகும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

மூன்றாவது சுருள் அறுபடாமல் முடிந்தது. மீட்டரில் நியாயமான எண் காட்டியது. வெந்நீரில் வைத்த டப்பாவில் மெழுகை உருக்கி, சுருளை ஊறவைத்து எடுத்து ஆறவைத்தாள். பார்க்க அழகாக இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்து மணிக்குக் கிட்டார்காரர் கிட்டாரோடு வந்தார். அக்கா முன்னறையில் உட்கார்ந்து பிக்அப்பை அதன் இடத்தில் பொருத்தி, இரண்டு ஒயர்களை ஒட்டினாள். எங்களிடம் இருந்த சின்ன ஒலிபெருக்கியில் சொருகி அவர் வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டு நான்கைந்து நிமிடம். பிறகு சிரித்தார்.

"வந்துடுச்சு! இதுதான். இதேதான்!"

என் உடம்பில் இருந்த காற்றெல்லாம் வெளியே போனது. அவர் கிட்டாரைப் பெட்டிக்குள் வைக்கப் போனார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது, பெட்டியை மூடினால் போதும்.

"சார், மூடாதீங்க" என்றாள் அக்கா. உள்ளே போய்ப் பழைய கம்பிக் கற்றையைக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். "இது உங்களுது. சுத்தியிருக்க வேண்டியதில்ல. கம்பி நல்லாத்தான் இருந்துச்சு. ஈயம் விட்டிருந்துச்சு, அவ்வளவுதான். பாக்காம வெட்டிட்டேன்."

அவர் கற்றையைப் பார்த்தார். தொடவில்லை.

"பாக்காமயா? நீங்களா?"

"நான்தான்."

"இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "நான்தான் பாக்கல. பாத்த மாதிரி டிக் போட்டுட்டேன். அக்கா கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

எவ்வளவு பெரிய விஷயத்தை இறக்கி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ரெண்டு பேர்ல யாரா இருந்தா எனக்கென்ன? என் கம்பி போச்சு."

மறுபடி கிட்டாரை எடுத்தார். அதே பாட்டை வாசித்தார். பாதியில் நிறுத்தினார். மேல் தந்தியை மட்டும் தனியாக மீட்டினார். இன்னொரு முறை மீட்டினார்.

"இப்போ கேக்குது" என்றார். "மேல ஒரு பளபளப்பு. முன்னால இது இல்ல. உனக்குக் கேக்குதா?"

இந்தத் தடவை என்னைத்தான் கேட்டார். சொன்ன பிறகு கேட்கிறதா, நிஜமாகவே இருக்கிறதா? எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. "தெரியல சார்" என்றேன்.

"உங்களுக்கு?"

"முதல் தடவை வாசிச்சப்பவே கேட்டுச்சு" என்றாள் அக்கா. "சுத்து கொஞ்சம் கம்மியாப் போச்சு. மெழுகுக்குன்னு ஒரு கிராம் கழிச்சேன். அவ்வளவு மெழுகு இல்ல போல. குடுத்துட்டுப் போங்க, மறுபடி சுத்தித் தர்றேன்."

"நாளை மறுநாள் ரெக்கார்டிங்கும்மா."

"தெரியும்."

அவர் பெட்டியை மூடினார். "இதையே வாசிச்சுப் பாக்கறேன். ஞாயித்துக்கிழமை சொல்றேன்." கற்றையைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

அக்கா மேசையைத் துடைத்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் துடைத்தபடி. "நீ சூட்டுக்கோல் வெச்சிருந்தா ஈயம் பளபளன்னு இருந்திருக்கும். சாம்பல் பூத்துக் கிடந்துச்சு."

"அப்போ ஏன் கேக்கல?"

"கேட்டேனே."

திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. நானும் அவளும் ஒரே வீட்டில் மூன்று நாள் கதவைத் திற, விளக்கை அணை என்று மட்டும் பேசிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை பார்சல் எதுவும் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. முன்பும் வராத நாட்கள் உண்டு. ஆனால் முன்பெல்லாம் நாங்கள் எண்ணியதில்லை. ரிப்பேர்க் கடைக்காரர் தெருவில் மாமாவைப் பார்த்துக் கையசைத்தாராம். "எப்பவும் போலவா, கொஞ்சம் கம்மியாவா?" என்று அக்கா கேட்டாள். "கையை அளந்து பாக்கலம்மா" என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஃபோன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நேத்து முடிஞ்சுது" என்றார் கிட்டார்காரர். "நல்லாத்தான் போச்சு. முதல் பாட்டு முடிஞ்சதும் பாடறவங்க திரும்பிப் பாத்து, புது ஸ்ட்ரிங் போட்டீங்களான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்."

அக்கா சிரித்துவிட்டாள். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. மாமாவும் நானும்கூடச் சிரித்தோம். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்போ அவங்களுக்கும் கேட்டிருக்கு" என்றாள்.

"கேட்டிருக்கு" என்றார். "அதை இனிமே ஒண்ணும் பண்ணாதீங்க. பழகிக்கறேன். ஆனா நேத்து கடைசியில நடு பிக்அப்பும் விட்டு விட்டு வந்துச்சு. புதன்கிழமை கொண்டு வர்றேன்."

"கொண்டு வாங்க."

"நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். நீங்க ஈயத்தைத் தொடறதுலேருந்து எல்லாத்தையும் பாக்கணும். சுத்தற மாதிரி ஆனா அதையும்."

"சரி சார்" என்றாள்.

ஃபோனை வைத்ததும் முகம் வெளுத்துவிட்டது. "பக்கத்துல ஆள் உக்காந்தா எனக்குக் கை ஓடாதே. தொழிற்சாலையில சூப்பர்வைசர் பின்னாடி நின்னாலே நாலு அறுந்து போகும்."

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே" என்றார் மாமா.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவள் எழுந்து பால்கனி அறைக்குப் போனாள். நானும் போனேன். உள்ளே மேசையும் இயந்திரமும் அவள் முக்காலியும் போக, இரண்டு அடி இடம்தான் இருந்தது. முன்னறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இடது பக்கம் போட்டோம், ஜன்னல் வெளிச்சம் மறைந்தது. பின்னால் போட்டோம், அவள் தோளுக்கு மேல் மூச்சு படும் என்றாள். வலது பக்கம் போட்டால் கம்பி ஓடும் கை அவர் முழங்காலில் இடிக்கும்.

நாற்காலியை மறுபடி இடது பக்கமே வைத்து, "அவர் வர்றதுக்கு முன்னாடி நீ உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் முக்காலியில் அமர்ந்து, மோட்டாரை ஓட்டாமல், கையை மட்டும் கம்பி பிடிக்கிற இடத்தில் வைத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளு" என்றாள். "நிழல் விழுது."